அரை மணி நேரத்தில் முப்பது ஃப்ளஷ்

அத்தியாயம் 9

கொழுந்தன் தன் முப்பத்தாறு வயதுக்குள் கணவன்மார்களைக் கண்காணித்திருக்கிறான், கடை முதலாளிகளைக் கண்காணித்திருக்கிறான், காணாமல் போன கிளி ஒன்றுக்காக மூன்று நாள் ஒரு மரத்தையே கண்காணித்திருக்கிறான். கழிவறையைக் கண்காணிக்கும் யோகம் இந்தப் புதன்கிழமைதான் வாய்த்தது. அதுவும் ஒன்றல்ல, எட்டு.

"எட்டுல ஒண்ணு பொய் சொல்லுது தம்பி," என்றாள் அண்ணி.

"கழிவறை பொய் சொல்லி நான் கேட்டதில்ல அண்ணி. அது மனசுல எதையும் வச்சுக்காது."

அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கு என்று வந்துவிட்டால் கொழுந்தனின் பேச்சில் பாதியை அவள் அப்படித்தான் காற்றில் விட்டுவிடுவாள். அவன் அவளை அண்ணி என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவள் அவனுடைய அண்ணன் மனைவி. மற்றவர்களும் அப்படிக் கூப்பிடுவதற்குக் காரணம் அவன்தான். வருகிறவர் போகிறவர் முன்னால் வாய்க்கு வாய் அவன் அண்ணி, அண்ணி என்று உருகியதில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அண்ணன் வருடத்தில் பத்து மாதம் கப்பலில் இருப்பான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்தை இவர்கள் இருவரும்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே நாற்காலியின் விளிம்பில், கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்த பெண் தண்ணீர் வாரியத்தின் ஆய்வாளர். பதினோரு வருட சர்வீஸ். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அங்கே அவர் தன் பக்கத்தை நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும்.

விஷயம் இதுதான். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு லிட்டரை முழுங்குகிறது, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாங்கள் தரும் புது டேங்கை மாட்டுங்கள், நாலே லிட்டரில் காரியம் முடிந்துவிடும் என்று வாரியம் இரண்டு வருடமாக வீடு வீடாகச் சொல்லி வருகிறது. மாட்டியதும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். டேங்கின் அடியில் நீல முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். எட்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடியில் எட்டுக்கும் இவர்தான் முத்திரை ஒட்டினார். அந்தக் கட்டிடத்துக்கு ஒரே மீட்டர். கணக்குப்படி எட்டு வீட்டுத் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ ஏழு வீட்டு அளவுக்குத்தான். அப்படியானால் ஒரு வீட்டில் புது டேங்க் வேலை செய்யவில்லை, இவர் சரியாகப் பார்க்காமலே முத்திரை ஒட்டியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு.

"திரும்பப் போய்ப் பார்த்தேன் அண்ணி. எட்டுலயும் புது டேங்க்தான் இருக்கு, ஒண்ணுலகூட கசிவு இல்ல. நோட்டீஸ் வந்தப்புறம் அவசரமா மாட்டியிருப்பாங்கன்னு சொல்றாரு."

சொன்னவர் திட்ட அதிகாரி. வாரியத்தில் அவரைச் சொட்டு சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். எங்கே குழாய் சொட்டினாலும் எழுந்து போய் இறுக்கிவிட்டு வருவார். கல்யாண வீட்டில் சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய்க் கை கழுவும் குழாயை இறுக்கியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரும் அதே கட்டிடத்தில்தான், மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அதனால்தான் தினம் மீட்டரைப் பார்க்கிறார், ஒரு வீட்டுக் குறைச்சலைப் பிடித்தார்.

"வேலை போனா போகட்டும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் ஆய்வாளர். "எனக்கு இந்த வேலைதான் எல்லாம். ஆனா பார்க்காம ஒட்டினேன்னு சொல்றாரு பாருங்க, அதுதான் தாங்கல. ஒவ்வொரு வீட்டுலயும் தரையில மண்டி போட்டுப் பார்த்திருக்கேன்."

அண்ணி கேட்டது ஒரே கேள்வி. மீட்டரில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள், எந்த நேரத்தில் எவ்வளவு என்று யாராவது பார்த்தார்களா? யாரும் பார்த்திருக்கவில்லை. அப்படித்தான் கொழுந்தன் அன்று முழுக்க, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டிக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார வேண்டியதாயிற்று.

அரை மணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்துத் தாளில் குறித்தான். போகிற வருகிற குடித்தனக்காரர்கள் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டார்கள். முதல் ஆளிடம் மீட்டர் ரிப்பேர் என்றான். இரண்டாவது ஆளிடம் வாளி ரிப்பேர் என்றான். மூன்றாவதாக வந்த அம்மாள் கேட்கவே இல்லை, பாவம் என்று ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டுப் போனார். காலையில் முள் ஓடியது, மதியம் தூங்கியது, எல்லாம் எந்தக் கட்டிடத்திலும் நடப்பதுதான். மாலை ஆறரை அடித்ததும் அது வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. நாலு லிட்டர் ஓடும், நிற்கும். உடனே மறுபடி நாலு லிட்டர். நிற்கும். மறுபடி நாலு. கொழுந்தன் வாளியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். ஏழு மணிக்கு முள் ஓய்ந்தபோது அவன் தாளில் முப்பது கோடு போட்டிருந்தான்.

அலுவலகத்துக்கு ஓடிவந்தவன், வழக்கு முடிந்துவிட்டது என்று அறிவித்தான். யாருக்கோ வயிறு சரியில்லை. ஆளைக் கண்டுபிடித்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனால் வாரியத்துக்கும் லாபம், அவருக்கும் லாபம்.

அண்ணி தாளைப் பார்த்தாள். "வயித்துக்கோளாறுன்னா நேரம் காலம் பாத்தா வரும்? ஆறரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு டாண்ணு நிக்குது. அதுவும் டேங்க் ரொம்புற வரைக்கும்தான் பொறுமை, ரொம்பினதும் அடுத்தது. யாரோ அரை மணி நேரம் உள்ளயே உக்காந்து பட்டனை அழுத்திட்டே இருக்காங்க. அவங்களுக்குத் தண்ணி தேவையே இல்ல தம்பி."

"ஃப்ளஷ் பண்ணா தண்ணியைத் தவிர வேற என்ன அண்ணி வரும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் யோசிக்கப் போய்விட்டாள்.

மாலை ஆறரை மணிக்கு யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று வியாழக்கிழமை காலையில் விசாரித்தார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் வேலையிலிருந்தே திரும்புவதில்லை. மிச்சம் மூன்று. தரைத்தளத்தில் ஒரு தையல்காரர்; இரண்டாவது மாடியில் இரட்டைக் குழந்தைகள் பெற்ற ஓர் இளம் தம்பதி; மூன்றாவது மாடியில் சொட்டு சாரும் அவர் மனைவியும். கொழுந்தன் உடனே இரட்டைக் குழந்தைகள் மேல் பழியைப் போட்டான். நடக்கப் பழகிய குழந்தைக்குப் பட்டன் கிடைத்தால் விடுமா, அதுவும் இரண்டு குழந்தைகள். சொட்டு சார் வீட்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்றான்.

"அந்த ஆளு அழுதாகூட கண்ணீரை அளந்துதான் விடுவாரு அண்ணி."

புது டேங்க் கசிகிறதா என்று பார்க்க வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெதுவாகக் கரையும் நீல மாத்திரை ஒன்றை டேங்குக்குள் போடுவார்கள். ஃப்ளஷ் பண்ணாமலே கழிவறைக் கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவு என்று அர்த்தம். அண்ணி அந்த வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்தாள். மூன்று வீட்டுக்கு மூன்று நிறம். கட்டிடத்தின் கழிவுநீரெல்லாம் பின்பக்கம் மூடி போட்ட ஒரே சேம்பர் தொட்டியில் வந்து விழுகிறது. ஆறரை மணிக்கு அந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டால் எந்த நிறம் மறுபடி மறுபடி வருகிறதோ அந்த வீடு.

நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அவள் சொன்னபோது கொழுந்தன் கையைத் தூக்கினான். "மஞ்சள் வேணாம் அண்ணி. அந்த இடத்துல அது சாட்சியா நிக்காது." முதல்முறையாக அவன் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

மாலை ஆறு மணிக்கு ஆய்வாளர் மூன்று வீட்டுக்கும் கசிவுச் சோதனை என்று போனார். தையல்காரருக்கு நீலம், இரட்டைக் குழந்தைகளுக்குச் சிவப்பு, மூன்றாவது மாடிக்குப் பச்சை. சொட்டு சார் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். நாளைக்கு வேலை போகப்போகிற பெண் இன்றைக்கும் வேலை பார்க்கிறாளே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஆய்வாளர் இறங்கி வந்து சொன்னார்.

ஆறரைக்கு மூவரும் பின்பக்கச் சேம்பரின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். ஒரு பெரிய துப்பறியும் நிலையத்தின் முக்கால் பங்கு மூளை இப்போது சாக்கடைக்குள் இருக்கிறது என்றான் கொழுந்தன். மிச்சம் கால் பங்கு தன்னுடையது என்றும் சொன்னான்.

தண்ணீர் வந்தது. பச்சை.

சரி, ஒரு தடவைதானே என்று நினைத்தார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பச்சை. நீலம் ஒரு முறை வந்து போனது, சிவப்பு வரவே இல்லை. பச்சை மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அது வெளிறத் தொடங்கியது, ஆனாலும் நிற்கவில்லை.

ஆய்வாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். விட்டுவிடலாம் அண்ணி என்றார். திட்டத்தைக் கொண்டுவந்தவர் வீட்டிலேயே தண்ணீர் வீணாகிறது என்று நாளைக்குக் குழுவில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள், பழிவாங்கப் பேசுகிறாள் என்றுதானே சொல்வார்கள்? அவர் கேட்டது நியாயம்தான். கொழுந்தனுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எழுந்திருங்க," என்றாள் அண்ணி. "இன்னும் பத்து நிமிஷம் ஓடும். அதுக்குள்ள மேல போகணும்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் சொட்டு சாரின் மனைவி. வந்தவர்களைப் பார்த்தார், ஆய்வாளரின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், உடனே உதட்டில் விரலை வைத்தார். சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள் என்று ஜாடை காட்டிச் சமையலறைக்கு அழைத்துப்போனார். அங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் இருந்தது கழிவறைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

கொழுந்தன் சுவரில் காதை வைத்தான். முதலில் யாரோ மூச்சுத் திணறுகிறார்கள் என்று நினைத்தான். பிறகுதான் புரிந்தது. சொட்டு சார் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் ஓட்டாமல் கிடந்த வண்டி கிளம்புவது மாதிரி விட்டு விட்டு வந்தது சிரிப்பு. டேங்க் நிரம்பி அமைதியானதும் அதுவும் சட்டென்று அடங்கும், பட்டன் அழுந்தும், தண்ணீரோடு சேர்ந்து சிரிப்பும் பீறிட்டு வரும்.

அவர் மனைவி மெல்லிய குரலில் சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான். அவர்களுடைய ஒரே மகன் வாரியத்தில் பொறியாளராக இருந்தான். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு மேடையேறி ஜனங்களைச் சிரிக்க வைக்கக் கிளம்பிவிட்டான். இதெல்லாம் ஒரு பிழைப்பா, இனி உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றார் அப்பா. அன்றிலிருந்து வீட்டில் அவன் பேச்சு கிடையாது. மகன் தினம் ஆறரைக்குப் போனில் ஒரு வீடியோ போடுகிறான். அதில் முக்கால்வாசி, குழாயைக் கண்டால் இறுக்கும் ஓர் அப்பாவைப் பற்றி. அப்பா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கழிவறைக்குள் போய் அதைப் பார்க்கிறார். சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று பட்டனை அழுத்துகிறார்.

"பழைய டேங்கா இருந்தா ரொம்புறதுக்கு மூணு நிமிஷம் ஆகும், ஊரே கேக்குற மாதிரி இரையும். புதுசு ஒரு நிமிஷத்துல கமுக்கமா ரொம்பிடுது. அதான் அழுத்திட்டே இருக்காரு. எத்தனை தடவைன்னு அவருக்கே தெரியாது."

கொழுந்தனுக்கு ஒரு சந்தேகம். சத்தம்தான் வேண்டுமென்றால் குழாயைத் திறந்து விட்டிருக்கலாமே?

"அவரா, குழாயைத் திறந்து விடுறதா," என்றார் அந்த அம்மாள், திருட்டுப் பட்டம் கட்டியது போல.

அண்ணி தலையாட்டினாள். அவளுக்கு முழுசும் விளங்கிவிட்டது. திறந்து விட்ட குழாய் அவருக்குக் கொலைக்குற்றம். ஃப்ளஷ் அப்படியில்லை. அது முறையான உபயோகம், அதுவும் தன் திட்டத்தில் வந்த, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற டேங்க். இந்தத் தப்பை உலகத்தில் இவர் ஒருவரால்தான் செய்ய முடியும்.

"அவர்கிட்ட கேட்டுடாதீங்க," என்றார் மனைவி. "எனக்குத் தெரியும்னே அவருக்குத் தெரியாது. கூச்சப்பட்டுப் பாக்குறதை நிறுத்திடுவாரு. அப்புறம் அப்பனுக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது."

"அப்ப என் வேலை?" என்றார் ஆய்வாளர்.

யார் கேட்டதிலும் தப்பில்லை. கொழுந்தன் எங்கேயாவது ஒரு நகைச்சுவை கிடைக்காதா என்று தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கூடத்துக்கு வந்த சொட்டு சாரின் முகத்தில் சிரித்த அடையாளமே இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. ஆய்வாளரைப் பார்த்ததும் புருவம் ஏறியது. விளக்கம் நாளைக்குக் குழுவில்தான், வீட்டில் வாங்க மாட்டேன் என்றார். அண்ணி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நேற்றைய மீட்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். நீங்கள் கணக்குத் தெரிந்தவர், இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றாள்.

அவர் நின்றபடியேதான் பார்க்க ஆரம்பித்தார். பென்சில் காலையிலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஆறரைக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முப்பது கோடு. ஒவ்வொன்றும் நாலு லிட்டர். ஓரத்தில் பெருக்கினார். நூற்றிருபது. குற்றச்சாட்டில் அவரே எழுதியிருந்த ஒரு வீட்டுக் குறைச்சலும் நூற்றிருபதுதான். பென்சில் அப்புறம் நகரவே இல்லை.

"எந்த வீடு?" என்று கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்க முடியல சார்," என்றாள் அண்ணி.

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வாளர் அண்ணியின் கையைப் பிடித்தே விட்டார். கையில் கிடைத்த ஆளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து இப்படி வழியனுப்பி வைப்பார்களா? சொட்டு சார் இப்போது தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னால் கதை முடிந்தது. வேலை போயே போய்விடும்.

சொட்டு சார் தாளை மடிக்கவில்லை.

"கசிவு மாத்திரை நீலம்தானே," என்றார். "என் வீட்டுல பச்சைத் தண்ணி வந்துச்சு. சரக்கு மாத்திட்டாங்க போலன்னு நினைச்சேன். வீட்டுக்கு ஒரு நிறம் போட்டிருக்கீங்க. கீழ நின்னு பாத்திருக்கீங்க. தெரிஞ்சுக்கிட்டுதான் தெரியலன்னு சொல்றீங்க."

"அதை நீங்கதான் சொல்லணும் சார்," என்றாள் அண்ணி. "நாங்க சொன்னா புகாரு. நீங்க சொன்னா கணக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருடம் ஊர்க் குழாயையெல்லாம் இறுக்கியவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது கொழுந்தனுக்கே பாவமாக இருந்தது. பிறகு கையை நீட்டினார். ஆய்வாளர் கோப்பைக் கொடுத்தார். குற்றச்சாட்டுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், குறைபாட்டுக்குக் காரணம் என்று அச்சடித்திருந்த இடத்தில், எழுத்து எழுத்தாக அவர் எழுதினார்: அந்த வீடு என்னுடையது. ஆய்வாளர் எட்டு வீட்டையும் முறையாகப் பார்த்திருக்கிறார். அவர் மேல் தவறு இல்லை. அதன் கீழே முழுக் கையெழுத்து, தேதி.

"மன்னிச்சிடும்மா," என்றார், நிமிராமலே. ஆய்வாளருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் படிவத்தில் இன்னொரு கட்டம் பாக்கி இருந்தது. திருத்த நடவடிக்கை. அதை நிரப்பாத படிவத்தைக் குழு ஏற்காது. அந்த விதியைப் போட்டவரும் அவரேதான். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. பட்டனை ஏன் அழுத்தினார் என்று சொல்லாமல் நடவடிக்கையை எப்படி எழுதுவது? காதுமடல் சிவந்தது. பேனா மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் பார்த்தது புருஷனை அல்ல, மேசை மேல் கிடந்த போனை.

"இனிமே ஹால்ல உக்காந்து பாருங்க," என்றார். "எட்டு மாசமா சுவத்துல காதை வச்சுக் கேக்குறேன். என் புள்ளை என்ன சொல்றான்னு எனக்கும் தெரியணும்ல?"

சொட்டு சார் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றிவிட்டு, கடைசிக் கட்டத்தில் வாரியத்தின் பாஷையிலேயே எழுதினார்: இனி கூடத்தில், இருவராக அமர்ந்து பார்க்கப்படும்.